கண்ணில் இல்லாத சிரிப்பு

எண்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது மாதம் நடந்தது இது. அருப்புக்கோட்டைப் பள்ளியொன்றில் நான் உயிரியல் டீச்சர். புகுந்த வீடு பரளச்சியில். ஒரு சனிக்கிழமை காலை என் கணவர் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனவர், திரும்பத் தட்டில் வைத்தார்.

"வாயத் தொறக்க முடியல."

பல்வலி என்று நினைத்தோம். மறுநாள் அவர் சிரிக்க ஆரம்பித்தார். உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டு, பல் தெரிய, புருவம் மேலேறி, ஓயாத சிரிப்பு. கண்ணில் மட்டும் சிரிப்பில்லை. மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் பேசிக்கிட்டிருக்கேன், என்னத்துக்குடா இளிக்கிற?"

கையிலிருந்த சொம்பை ணங்கென்று வைத்தார். அந்தச் சத்தத்துக்கு இவர் உடம்பு பின்னோக்கி வில்லாக வளைந்தது. தலையும் குதிகாலும் மட்டுமே பாயில் பட்டன. முகத்தில் அதே சிரிப்பு.

"முனி அடிச்சிருச்சு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நான் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். வேலி அடைக்கும்போது பத்து நாளைக்கு முன் கருவமுள் ஏறிய இடம் சின்னக் கரும்புள்ளியாக ஆறிக் கிடந்தது. ரணஜன்னி, டெட்டனஸ்.

வேன் பிடித்து மதுரைக்குப் போனோம். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் வளைந்தார்.

வரித்தசைப் பாடத்தை அந்த வாரம்தான் நடத்தியிருந்தேன். கருப்பும் வெளுப்புமாகக் கோடு கோடாய் இழைகள்; ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போனால் தசை சுருங்கும். அதற்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. முன்தசை இழுக்கும்போது பின்தசை விட்டுக்கொடுக்க வேண்டும். 'விடு' என்று போகும் அந்தத் தகவலைத்தான் ரணஜன்னிக் கிருமியின் நஞ்சு மறித்துவிடுகிறது. எதிரெதிர்த் தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அவரை இழுத்துக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் ஜன்னலுக்குக் கருப்புத் துணி கட்டிய அறை. பகல் பன்னிரண்டு மணிக்கும் இருட்டு. நர்ஸம்மா வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"வளையலு, கொலுசெல்லாம் கழட்டிட்டுப் போம்மா. சத்தம் ஆகாது."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். புதுப்பெண்ணை அந்த வாசலில் வைத்து யார் அப்படிச் சொல்வார்கள்? கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக நானே உருவி, சத்தம் வராமல் துணியில் சுற்றினேன்.

உள்ளே முதலில் தெரிந்தது பல்வரிசைதான். அருகில் போய்க் கெண்டைக்காலைத் தொட்டேன். கல். தொட்ட மாத்திரத்தில் அவர் மறுபடி வளைந்தார். மூச்சு நின்று, பின் வந்தது. அதன்பிறகு தொடவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு பதினெட்டு நாள் இருந்தேன். நினைவு ஒரு நிமிஷம்கூடத் தப்பவில்லை அவருக்கு. அது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் வாய் ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. முதலில் கேட்டது, "முதுகச் சொறி."

வீட்டுக்கு வந்து கம்பு ஊன்றி நடக்கப் பழகிய நாளொன்றில், எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று கேட்டேன்.

"வலியக்கூடப் பொறுத்துக்கிட்டேன். நீ என் கெண்டக்கால நோட்டம் பாத்துத் தொட்டியே, டீச்சர் கணக்கா... அப்ப வேணாம்னு உள்ளுக்குள்ள கத்துறேன். நீ பாக்குறது என் சிரிப்பத்தான்."

அவர் கம்பை எடுத்துக்கொண்டு பருத்திக் காட்டைப் பார்த்து மெல்ல நடந்தார்.