தாரணியின் முதல் சுவர்

என் தங்கை தாரணி கொடைக்கானலில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவள். வேலை இல்லாத நாளில் முதல் பஸ் பிடித்து மன்னவனூர் போய்விடுவாள். அங்கே தோட்ட வேலை செய்பவர்களை எடுப்பாள். அந்தப் படங்கள் ஆல்பத்திலேயே கிடந்தன. போன ஆவணியில் வட்டக்கானல் விடுதிக்காரர் ஒருவர் அவற்றில் ஒன்றைத் தன் முன்னறைச் சுவருக்குக் கேட்டார்.

அவள் தேர்ந்தெடுத்தது மன்னவனூர்த் தோட்டத்தில் வேலை செய்யும் நல்லுசாமி அண்ணனின் முகம். கேரட் கழுவும் தொட்டியருகே, கன்னத்தில் ஈரச் சேறோடு நிற்கிறார். காகிதத்தில் அடித்துக் கண்ணாடி போட்டால் மீசை மயிர் ஒவ்வொன்றும் தெரியும். கேன்வாஸ் துணியில் இழை அதை மழுப்பிவிடும். அதோடு துணியின் ஓரங்கள் சட்டக் கட்டையைச் சுற்றி மடங்கும். ஒன்றரை அங்குலம் விட்டு அளந்து பார்த்தேன், அவருடைய வலது காது மடிப்பில் போனது.

அவர் சம்மதம் இல்லாமல் தாரணி மாட்ட மாட்டாள். இரண்டிலும் சிறிய மாதிரி செய்து மன்னவனூருக்குக் கொண்டுபோனோம்.

நல்லுசாமி அண்ணன் துண்டில் கை துடைத்து, கண்ணாடி போட்டதை வாங்கிப் பார்த்தார்.

"ஏம்மா, நான் எப்பச் செத்தேன்?"

அவர் மனைவி கந்தம்மாள் எட்டிப் பார்த்தார். "படம் நல்லாத்தான் இருக்கு. ஒரு மாலையப் போட்டா சோலி முடிஞ்சுது."

தாரணி அவசரமாகக் கேன்வாஸை நீட்டினாள். "இதுல கண்ணாடி இல்லண்ணே."

"இது கண்ணீர் அஞ்சலி பேனர்ல! வேணாம் தாயி" என்றார் நல்லுசாமி அண்ணன்.

தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாரணி தலை குனிந்து இரண்டையும் பையில் வைத்தாள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன்.

கந்தம்மாள்தான் சொன்னார்: "ஒத்த ஆளா மாட்டுனாத்தான் எழவு வீடு. எல்லாரையும் சேத்து மாட்டுனா கல்யாண வீடு மாதிரி இருக்கும்ல?"

தாரணி நிமிர்ந்தாள். எல்லாரும் தலைமுடியை ஒதுக்கி வரிசை கட்ட ஓடினார்கள். தாரணி கேமராவை எடுத்துக்கொண்டு கத்தினாள்:

"நிக்காதீங்க! கேரட்டக் கழுவுங்க. அந்த மாலைப் பேச்ச இன்னொரு தரம் பேசுங்க."

பதினோரு பேர், தெறிக்கும் தண்ணீர், நடுவில் மனைவியை முறைக்கும் நல்லுசாமி அண்ணன். அதைக் காகிதத்தில்தான் அடித்தோம். மூடுபனி ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டாதபடி இடையில் அட்டை வைக்கச் சட்டம் போடுபவரிடம் சொன்னேன்.

மாட்டிய மறுநாள் வெள்ளனே அவர்கள் பதினோரு பேரும் விடுதிக்கு வந்தார்கள். நல்லுசாமி அண்ணன் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தார், பின்னால் நகர்ந்தும் பார்த்தார்.

"ஏலே, எம் மீசையப் பாருங்கடா" என்றார்.

தாரணி அன்று கேமராவை வெளியே எடுக்கவேயில்லை; அவர்கள் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.