செருப்புக்காரி

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்கியது. உம்மாவின் தம்பி, அதாவது என் மாமா வரைந்தது. கற்பிட்டியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். உயிருள்ள எதையும் வரைய மாட்டார். கருவாட்டுக் கடைப் பலகைகளில் மட்டும் மீன் இருக்கும். கேட்டால், கருவாட்டுக்கு ஏது உயிர் என்பார்.

படத்தில் இருந்தது மன்னாரில் உம்மா பிறந்து வளர்ந்த வீடு. தொண்ணூறில், முஸ்லிம்கள் என்பதால் புலிகளால் ஊரோடு விரட்டப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தவர்கள் எங்கள் ஆட்கள். சண்டை முடிந்து பாதை திறந்ததும் மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கூரையில்லை, கதவில்லை, உள்ளே பற்றை மண்டிக் கிடக்கிறது என்று வாப்பாவிடம் சொன்னார். பிறகு உட்கார்ந்து, கூரையும் கதவுமாக அந்த வீட்டை வரைந்தார். கதவு சற்றே திறந்திருந்தது. ஆள் யாரும் இல்லை.

எனக்கு அந்தப் படம் என்றாலே பயம். கற்பிட்டியில் காற்றுக்குக் குறைவில்லை. அடிக்கும்போதெல்லாம் அது சுவரில் டொக் டொக் என்று முட்டும். உள்ளேயிருந்து யாரோ தட்டுவது போலிருக்கும். உம்மாவும் அதன் முன்னால் நிற்கவே மாட்டார்.

அந்த ஆண்டு பள்ளிக்கூடத்துக்குச் சித்திரம் படிப்பிக்க ஒரு டீச்சர் வந்தார். படத்தை அழகு என்று சொல்லிவிட்டுப் போகாமல் அதனிடம் கேள்வி கேளுங்கள் என்றார். என்ன நேரம், இப்போதுதான் என்ன நடந்தது, யாரைக் காணவில்லை. என்னைப் போன்ற வாயாடிக்கு இது போதாதா? வீட்டுக்கு வந்ததும் படத்துக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு ஏறிவிட்டேன்.

நிழல் நீண்டிருந்தது, ஆகவே அசர் தொழுகைக்குரிய பின்னேரம். கிணற்றடி ஈரம், யாரோ இப்போதுதான் தண்ணீர் அள்ளியிருக்கிறார்கள். குசினியில் புகை. கொடியில் சொட்டும் துணி. கேட்கக் கேட்க வெறும் வீடு ஆட்களால் நிரம்பியது. என்னைக் கண்டதும் கதையை நிறுத்திவிட்டு, எல்லோரும் கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நிற்கிறார்கள் என்று தோன்றியது. வாசலில் பெரிய செருப்புகளுக்கு நடுவே, என் சுண்டுவிரல் நகத்தை விடச் சிறிதாக ஒரு சோடி சிவப்புச் செருப்பு கிடந்தது.

“இது ஆருட செருப்பு மாமா?”

மாமா மண்ணெண்ணெயில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார். “உள்ள ஒரு புள்ள நிக்கிது. அவட செருப்பு.”

“அவ ஏன் வெளிய வரல்ல?”

“நான் வரையல்லயே மகள். வரஞ்சா, உயிர் குடுன்னு மறுமையில கேப்பாங்க. உயிருக்கு நான் எங்க போற?”

உயிரை எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியும். ஓதப் போகும் இடத்தில், ஆதம் நபிக்கு ரூஹு ஊதப்பட்ட கதையைக் கேட்டிருந்தேன். மாமாவிடம் இல்லாவிட்டால் என்ன, என்னிடம் மூச்சு நிறையவே இருந்தது. எனக்கு முன் ஒரு ராத்தா பிறந்து, வள்ளத்தில் வரும் வழியில் காய்ச்சலில் மௌத்தானதும் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் பேசாத கதை அது. அதையும் இந்தச் செருப்பையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது படம் தட்டிக்கொண்டிருந்தது. பயத்தை விழுங்கிக்கொண்டு கதிரையில் ஏறி, கதவு திறந்திருந்த இடத்தில் வாயை வைத்து ஊதினேன். தட்டுவது நின்றது. திரும்பினால் உம்மா.

“என்ன செய்ற?”

“உள்ள ஒரு புள்ள நிக்கிதும்மா. சின்னச் செருப்புக்காரி. அவக்கு ரூஹு ஊதுறன்.”

அடி நிச்சயம் என்று கண்ணை மூடினேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது உம்மா கதிரையை இரு கையாலும் பிடித்தபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொருக்கா ஊது மகள்” என்றார்.

உம்மாவும் விளையாட்டில் சேர்ந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் கன்னம் புடைக்க ஊதினேன். காலடியில் கதிரை ஆடியது. அத்தனை கேள்வி கேட்டவள், அது ஏன் ஆடுகிறது என்று மட்டும் கேட்கவில்லை.