மச்சினர் வகுத்த மரியாதை

எங்கள் பக்கத்துச் சைக்கிள் பந்தயத்துக்கு ஒரே ஒரு விதிதான் இருந்தது. யார் முதலில் வருகிறானோ அவன் ஜெயித்தவன். மற்றதெல்லாம் அவரவர் சாமர்த்தியம். வழியில் டிராக்டரைப் பிடித்துக்கொண்டு போகிறவனை வாய்க்கு வந்தபடி திட்டுவோம். அடுத்த டிராக்டர் வந்தால் நாங்களே பிடித்துக்கொள்வோம். இப்படி நல்லபடியாக நடந்துகொண்டிருந்த பந்தயத்தைத் திருத்துவதற்கென்று, நாலுவழிச் சாலைக்காக ஊரைத் தோண்டிப் போட்டிருந்த ஒரு வருஷம், பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார்.

பந்தயத்தை நடத்துகிறவர் சாத்தூரில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த ஒரு முதலாளி. தீபாவளி முடிந்து கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும் நாட்களில்தான் நடத்துவார். சாலையில் லோடு வண்டிகள் இருக்காது, ஆட்களுக்கும் வேலை இருக்காது. பெங்களூர்க்காரர் அந்த முதலாளியின் மச்சினர். வெளிநாட்டு சைக்கிள், தலையில் தொப்பி, உடம்போடு ஒட்டிய மஞ்சள் பனியன், பெடலில் மாட்டிக்கொள்கிற மாதிரி பூட்ஸ். இவ்வளவையும் மீறித் தொப்பை மட்டும் தெரிந்தது. நாங்கள் கேரியரையும் மட்கார்டையும் கழற்றி வைத்துவிட்டால் அது பந்தய சைக்கிள் என்று நம்பியவர்கள்.

எனக்கு அந்த வருஷம் ஜெயித்தே ஆக வேண்டும். விருதுநகரில் எங்களுக்கு மிளகாய் வத்தல் மண்டி. படிப்பை முடித்துவிட்டு சைக்கிளும் கையுமாகத் திரிந்த என்னிடம், மகனென்றும் பார்க்காமல், அத்தா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"மொதல்ல வந்தேன்னா மதுரைப் பந்தயத்துக்குப் போ, நான் குறுக்க நிக்கல. இல்லேன்னா சைக்கிள வித்துட்டுக் கடைக்கு வந்துரு."

பந்தயத்துக்கு முந்தின நாள் மச்சினர் எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். பந்தயம் என்றால் பண்பு வேண்டுமாம். காற்றுப் படாமல் முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டு போகக் கூடாது, எல்லாரும் முறை வைத்து முன்னால் வர வேண்டும். ஒருவனுக்குச் செயின் கழன்றால் மற்றவர்கள் நின்று அவனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருவன் ஒன்றுக்குப் போக இறங்கினால் யாரும் வேகம் கூட்டக் கூடாது.

"அம்புட்டுப் பேரும் நிக்கணுமாண்ணே?" என்று அச்சாபீஸில் வேலை பார்த்த ஒருவன் கேட்டான்.

"அதற்கு நிற்க வேண்டாம். மெதுவாகப் போனால் போதும். வெளிநாட்டில் எல்லாம் அப்படித்தான்."

வெளிநாட்டில் இப்படிக்கூட மரியாதை பார்க்கிறார்களா என்று நாங்கள் வியந்துபோனோம். என்னைச் சொல்ல வேண்டும், நான் அதை அப்படியே நம்பினேன்.

காலையில் சாத்தூரிலிருந்து கிளம்பினோம். தாயில்பட்டி வழியாக வெம்பக்கோட்டை போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். போகும்போது எதிர்காற்று. முறை வைத்து முன்னால் போனோம். மச்சினருடைய முறை வரும்போதெல்லாம் அவருக்குத் தண்ணீர் தவித்தது, அல்லது பூட்ஸ் கடித்தது. "தம்பி, நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க" என்பார். நாங்களும் பார்த்துக்கொண்டோம். தாயில்பட்டி தாண்டி அவருக்குச் செயின் கழன்றது. முன்னால் போய்க்கொண்டிருந்த அத்தனை பேரும் நின்றோம். அவர் கையில் கறை படக்கூடாது என்று தள்ளி நின்றுகொள்ள, நான்தான் மாட்டிக் கொடுத்தேன். "இதுதான் பண்பு" என்று என் முதுகில் தட்டினார்.

திரும்பி வரும்போது நானும் அவரும் மட்டும் மற்றவர்களை விட்டு முன்னேறிவிட்டோம். அதாவது நான் முன்னேறினேன், அவர் என் முதுகுக்குப் பின்னால் சொகுசாக வந்தார். சாத்தூர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் என் செயின் கழன்றது. "அண்ணே, செயினு" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டு கியரை மாற்றி மிதித்தார். சாலையோரத்தில் உட்கார்ந்து செயினை மாட்டினேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் அத்தனையும் அந்த மஞ்சள் பனியனைத் துரத்திக்கொண்டு போயின.

அவர் ஜெயித்திருப்பார். ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று குறுக்கே வந்தது. ஜெயித்தவன் கோட்டைத் தாண்டியதும் கம்பெனிச் சரம் ஒன்றைக் கொளுத்துவார்கள். இந்தத் தடவை மச்சினர் வருகிறார் என்று பத்தாயிரம் வாலா. புகைக்கு நடுவிலிருந்து அவர் வெளிப்பட்டால் படம் பிரமாதமாக இருக்கும் என்று வீடியோக்காரர் சொல்லியிருக்கிறார். அதனால் சரத்தைக் கோட்டுக்கு முன்னாலேயே சாலையை அடைத்து மடித்து மடித்துப் போட்டு, மஞ்சள் பனியன் தெரிந்ததுமே பற்ற வைத்துவிட்டார்கள். வெடிக்கிற சரத்துக்குள் எப்படி சைக்கிள் விடுவது என்று, பட்டாசிலேயே பிறந்து வளர்ந்த ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது மச்சினர் ஒரு காலை ஊன்றிக் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி, பின்னால நில்லுங்க. நான்தான் முதல்ல வந்தேன்."

"செயினு கழண்டுச்சுல்லண்ணே. நின்னுருக்கணும்லா?"

"அது பாதி வழியில. கடைசி கட்டத்துல நிக்க வேண்டியதில்லை. அதுவும் விதிதான்."

"நேத்துச் சொல்லலியே?"

அவர் பதில் சொன்னார். சரம் அதை விழுங்கிவிட்டது. கடைசி வெடி அடங்கியதும் இருவரும் கிளம்பினோம். அவருடைய பூட்ஸ் பெடலில் மாட்டுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. எனக்கு ரப்பர் செருப்பு. காகிதக் குப்பைக்கு மேலே ஏறிப் புகைக்குள் புகுந்து கோட்டைத் தாண்டினேன். அவர் என் பின்னால் இருமிக்கொண்டே வந்தார்.

கோட்டில் நின்றவர்கள் எல்லாரும் கம்பெனி ஆட்கள். முதலாளி கேட்டபோது புகையில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். நான் கோட்டைத் தாண்டியதும் ஓடி வந்து தோளில் தட்டிய ஒருவன்கூட அப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதலாளி கொஞ்சம் யோசித்து, பற்ற வைத்தவனைக் கூப்பிட்டார்.

"ஏலே, சரத்த யாருக்குக் கொளுத்துன?"

"மச்சினருக்குத்தான் மொதலாளி."

"அப்புறம் என்ன? ஜெயிச்சவுகளுக்குத்தானே சரம்."

வழக்கு முடிந்தது. கோப்பையை மச்சினர் வாங்கினார். வாங்கிவிட்டு மைக்கைப் பிடித்து, தனக்காக வழியில் நின்ற ஒரு தம்பியைப் பற்றி உருக்கமாகப் பேசினார். என்னைக் கூப்பிட்டு 'நன்னடத்தைப் பரிசு' என்று இன்னொரு கோப்பையைக் கையில் திணித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். தூக்கி எறிந்திருக்க வேண்டும். வீடியோ ஓடிக்கொண்டிருந்ததால் சிரித்தேன்.

அன்று ராத்திரி அத்தா அந்தக் கோப்பையைக் கடை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொதல்ல வந்தியா?"

"வந்தேன்."

"அந்தக் கப்பு எங்க?"

"இதத்தான் குடுத்தாக."

அத்தா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கோப்பையைத் துடைத்து, 'நன்னடத்தை' என்ற எழுத்து வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி கல்லாவுக்கு மேலே வைத்தார்.

"யாவாரத்துக்கு நல்லதுதான். காலையில லோடு வருது, வெள்ளன வந்துரு."

மறுநாள் மூட்டைகளைப் பிரிக்கையில் அழுகையை அடக்க முடியவில்லை. அடக்க வேண்டியதும் இருக்கவில்லை. மிளகாய் மண்டியில் அழுகிறவனை ஏன் என்று யாரும் கேட்பதில்லை.