இரவல் கை

ஹாரன் அண்ணன் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வீதியில் வண்டி வருவதற்கு முன்பே அவர் குரல் வந்துவிடும். வேனில் ஏறுகிற பிள்ளைகள் வைத்த பெயர் அது. பெற்றோர், பள்ளிக்கூடம், எங்கள் கிளினிக் என்று எல்லாருமே அதைப் பிடித்துக்கொண்டோம். அவருக்கும் அதில் பெருமைதான்.

பிள்ளைகள் என்றால் அவருக்கு உயிர். ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் யார் அழுவார்கள், வளைவில் யாருக்கு வாந்தி வரும், எந்த இரண்டு பேர் இந்த வாரம் பேசிக்கொள்வதில்லை, எல்லாம் அத்துப்படி. சொந்தப் பிள்ளை இல்லையே என்று யாராவது உச்சுக்கொட்டினால், "யாருக்கு இல்ல? வேன் நிறைய வெச்சிருக்கேன், வந்து எண்ணிப் பாருங்க" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு, பள்ளிக்கூடத்துக்காக எங்கள் கிளினிக் நடத்தும் ஓட்டுநர் பரிசோதனையில் பிரஷர் இருப்பது தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார், ஒரு மாதம் கெடுவும் கொடுத்தார். தினமும் காலையில் வீட்டிலேயே அளந்து செயலியில் அனுப்ப வேண்டும். அளவு இறங்கினால் வேன் அவரிடம் இருக்கும். இறங்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அந்தச் செயலிக்குக் காவல் இருக்கும் நர்ஸ் நான்தான். பிரஷர் மிஷினின் பட்டையைக் கையில் சுற்றிப் பொத்தானை அழுத்தினால், அளவு நோயாளியின் போனுக்குப் போய், அங்கிருந்து தானாகவே என் திரைக்கு வந்து நிற்கும். பச்சை என்றால் பாராட்டு, மஞ்சள் என்றால் புத்திமதி, சிவப்பு என்றால் திட்டு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை மறைப்பானேன்.

அண்ணனுக்கு முதல் நாள் மஞ்சள். மறுநாளே பச்சை! "கலக்கிட்டீங்க அண்ணே" என்று செய்தி அனுப்பினேன். அதற்குப் பிறகு பச்சையோ பச்சை. "ஹாரன் அண்ணனப் பாருங்க, நீங்களும் இருக்கீங்களே" என்று மற்ற நோயாளிகளை நான் வறுத்தெடுத்தது கொஞ்சநஞ்சமல்ல.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு காலையில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு எரிந்தது. உடனே போன் போட்டேன்.

"அண்ணே, வண்டிய எடுக்காதீங்க! தலை வலிக்குதா? நெஞ்சு அடைக்குதா? கண்ணு மங்குதா?"

"எனக்கென்ன சிஸ்டர், கல்லு மாதிரி இருக்கேன்."

"என்ன கல்லு! மேல நூத்தி எண்பது காட்டுது. நீங்க அளவப் பாக்கவே இல்லையா?"

"ஷூ மாட்டிக்கிட்டு இருந்தேன், பாக்கல..."

திடீரென்று என் காது கிழிந்தது.

"ஐயோ சிஸ்டர், அது நான் இல்ல! அது அவ கை!"

"எவ கை?"

"என் வீட்டுக்காரி கை! தினமும் அவ கையிலதான் வெச்சேன்! அவளுக்கு ஏதாவது ஆயிடுமா சிஸ்டர்? சொல்லுங்க, அவளுக்கு என்ன ஆகும்?"

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பட்டையை என் கையில் சுற்றியிருந்தால் தெறித்திருக்கும். "முதல்ல அண்ணியக் கூட்டிட்டு வாங்க. உங்களுக்கு அப்புறம் இருக்கு" என்று வைத்துவிட்டேன்.

அன்றைய சவாரியை வேறொரு வேன்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். அண்ணியைத் தூக்கிக்கொண்டு வராத குறை. "விடுங்க, எனக்குக் கால் இருக்கு!" என்று அண்ணி அவர் கையைத் தட்டிவிட்டார்.

அண்ணியை நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்து, கொஞ்ச நேரம் பேசவிடாமல் வைத்திருந்து அளந்தேன். அப்போதும் அதிகம்தான். புதிதாக என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று துருவியபோது, முழங்கால் வலிக்குக் கடையில் தானே வாங்கி, இரண்டு மூன்று நாளாகக் காலையும் மாலையும் விழுங்கிவருவது தெரிந்தது. சில வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றிவிடும். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள் என்றார். அதுவரை நின்றுகொண்டே இருந்த அண்ணன் அப்போதுதான் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மிஷின் கோளாறோன்னு ரெண்டாவது நாள் இவ கையில போட்டுப் பாத்தேன்" என்றார். "நல்லா காட்டிச்சு. அதுக்குள்ள போன் உங்களுக்கு அனுப்பிடுச்சு. நீங்களும் கலக்கிட்டீங்கன்னு..."

"சரி, பழிய என் தலையில போடுங்க! மாத்திரையாவது போட்டீங்களா?"

"வண்டி ஓட்டறப்போ தூக்கம் வரும்னு யாரோ சொன்னாங்க. டப்பாவப் பிரிக்கல."

அவர் கையை இழுத்துப் பட்டையைச் சுற்றினேன். அளவைப் பார்த்ததும் டாக்டர் கையை நீட்டினார். அண்ணன் சாவியை மேஜைமேல் வைத்தார். "அண்ணன் எங்கேன்னு பிள்ளைங்க கேக்குமே" என்றார். அந்தக் குரல் அவருடையது மாதிரியே இல்லை. திட்டுவதற்குச் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் அப்படியே விழுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் வீடியோ காலில்தான் அளவு. முகமும் கையும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று சட்டம் போட்டேன். அவர் முடித்ததும் அண்ணி. "உங்களவிட நான் கம்மி!" என்று அண்ணி குதிப்பார், "நீ மூச்சப் பிடிச்சிட்டு இருந்த" என்று இவர் சண்டைக்குப் போவார். அண்ணிக்குச் சீக்கிரமே இறங்கிவிட்டது. அண்ணனுக்கு மாத்திரையோடும் உப்புக் குறைத்த சாப்பாட்டோடும் மெல்ல மெல்ல இறங்கியது. ஒருநாள் டாக்டரே சாவியை எடுத்துக் கொடுத்தார். கிளினிக்கே கை தட்டியது.

கிளம்பும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏண்ணே, அன்னிக்கு நான் போன் பண்ணப்போ 'சரி சிஸ்டர்'னு வெச்சிட்டு, அண்ணிய வேற டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே? மறுபடி அளந்தேன், சரியாயிடுச்சுன்னு என்கிட்ட ஒரு புளுகு விட்டிருந்தா சாவியும் போயிருக்காது. எனக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட, ஆமால்ல! எனக்கு அது தோணவே இல்லையே சிஸ்டர்!"

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, பிள்ளைங்க காத்துட்டு இருக்கும்" என்றார்.