சார்ஜ் இல்லை என்றவன்

பெரியகல்லாற்றில் முதல் மின்சாரக் கார் விஜிதரனுடையது. அந்த 'முதல்' என்பதைச் சொல்லிச் சொல்லியே ஊருக்குப் பாடமாக்கிவிட்டான். முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் நூற்றுமுப்பது கிலோமீற்றர் காட்டும். களுவாஞ்சிகுடிக் கந்தோருக்கு வேலைக்குப் போய் வர இருபதுகூட ஆகாது. என்றாலும் அந்த எண் நூற்றுக்குக் கீழே இறங்கினால் உடனே சார்ஜில் போட்டுவிடுவான்.

"காய்ச்சல்காரப் பிள்ளையைக்கூட இப்பிடிப் பாக்க மாட்டீங்க," என்பாள் மனைவி மேனுகா.

போன செவ்வாய் காலை பக்கத்து வீட்டுச் சுலோஜனா வாசல் படலையில் வந்து நின்றாள். அவள் கணவர் அழகரத்தினத்துக்குக் கண் ஒப்பரேசன் முடிந்து நாலு நாள், மட்டக்களப்பில் கிளினிக்.

"தம்பி, இண்டைக்கு லீவாம் எண்டு மேனுகா சொன்னாள். இவர பஸ்ஸில ஏத்தப் பயமா இரிக்கு. சனம் நெரிச்சிக் கண்ணில இடிச்சிட்டா?"

போக முப்பத்தைந்து, வர முப்பத்தைந்து. கார் நூற்றிருபத்தெட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் வழியில் ஆரையம்பதியில் கார் செத்துக் கிடக்க, சனம் கூடிநின்று பல்லைக் காட்டுவது விஜிதரனுக்கு அப்படியே தெரிந்தது.

"சார்ஜ் இல்லக்கா."

கறுப்புக் கண்ணாடியோடு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழகரத்தினம் பஸ்ஸுக்கு நடந்தார். மேனுகா பார்த்தது அவர்களை அல்ல, கணவனை.

பின்னேரம் சுலோஜனா மறுபடி வந்தாள். கையில் நீள வயர் ஒன்று, நுனியில் பிளக்.

"கண் நல்லமாம் தம்பி. எங்களுக்கு உங்கட கார் யோசினைதான். கறண்டுக் காசு கட்ட ஏலாமக் கிடக்கீங்களோ எண்டு இவர் கேக்காரு. எங்கட வீட்டில குத்துங்க. வெக்கப்படாதீங்க."

விஜிதரனுக்குக் காது சுட்டது. வாசலில் நின்ற மேனுகா திரும்பி உள்ளே போனாள். நாலு ஏச்சு ஏசியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

"அக்கா... காலையில சார்ஜ் இரிந்த."

"எவ்வளவு?"

"போய் வந்தும் அம்பது மிஞ்சும்."

"அப்ப ஏன் தம்பி?"

"றோட்டில நிண்டா சனம் சிரிக்கும் எண்டு..."

"நிண்டாத் தள்ள நான் இரிந்தன்தானே!"

அவள் குரலில் கோபம்கூட இல்லை. வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த கிளினிக்குக்கு விடிந்ததுமே சுலோஜனா வீட்டுப் படலையில் விஜிதரனின் கார் நின்றது. வழி நெடுகப் பின்சீட்டில் இருவரும் மீன் விலை பேசிக்கொண்டு வந்தார்கள். விஜிதரன் றோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான். திரும்பி வந்து இறக்கியபோது அறுபது மிச்சம் காட்டியது. சுலோஜனா நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

"சொல்லாதீங்கக்கா," என்று அவள் முகம் பார்க்காமல் காரைப் பின்னுக்கு எடுத்தான்.