அம்மாவின் வரி

அம்மா ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டாள் என்று அதிகாரி சொன்னபோது, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் எதிரில்தான் நின்றிருந்தாள். விரலில் மை இல்லை. ஆனால் பட்டியலில் அவள் பெயர்மேல் கோடு விழுந்திருந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. கிளியூரில் ஒரு வருடம், மஞ்சக்குட்டைப் பக்கம் இரண்டு வருடம் என்று எஸ்டேட் மாற்றி எஸ்டேட் போய்க்கொண்டிருந்தோம். காப்பிப் பழம் பறித்து முடிந்தால் சட்டிபானையோடு ஜீப் ஏறுவோம். நான் இரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் மூன்று பள்ளிக்கூடம் மாறிவிட்டேன். எந்த ஊர்ப் பட்டியலிலும் அம்மாவின் பெயர் ஏறியதில்லை. அந்த வருடம்தான் முதன்முதலாக அவளுக்கு வாக்காளர் அட்டை வந்திருந்தது.

எங்கள் மலையில் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர்களையே வைப்பார்கள். ராயன் மனைவி காவேரி என்று அந்தச் சாவடியில் மூன்று பேர் இருந்தார்கள். காலையில் வந்த ஒரு காவேரிக்கு அம்மாவின் பெயர் இருந்த வரியில் கோடு போட்டு அனுப்பிவிட்டார்கள். பட்டியலில் இருந்த படங்களோ கரி பூசியதுபோல் இருந்தன.

ஒரு கட்சியின் ஏஜெண்டாக உள்ளே உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை.

"ஏனுங்க, காலைல வந்த காவேரியோட வரி சும்மாதானுங்க கெடக்குது. இந்தப் புள்ளைய அதுல போடச் சொல்லுங்க, முடிஞ்சுது."

எதிர்க்கட்சி ஏஜெண்டும் தலையாட்டினார். அந்த இருவரும் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

பெரியப்பா முன்னால் வாய் திறக்காத அம்மா அன்று திறந்தாள்.

"அது அவங்க வரிங்க மாமா. எனக்கு என்ர வரிதான் வேணுங்க."

அதிகாரி சேலத்திலிருந்து வந்த வாத்தியார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தப்பு தங்கள் மேல்தான் என்று அம்மாவிடம் சொன்னார். அட்டையை வாங்கிப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, சின்னங்கள் அச்சடித்த ஒரு காகிதத்தையும் முத்திரையையும் கொடுத்தார். அம்மா மறைவில் போய்க் குத்தி, மடித்து நீட்டினாள். அதை அவர் தனி உறையில் போட்டார்.

ஊரே எந்திரத்தில் பொத்தானை அமுக்கிவிட்டுப் போக, என் அம்மாவுக்கு மட்டும் காகிதமும் உறையும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே நின்ற பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"இதையும் எண்ணுவீங்களாங்க சார்?" என்று அம்மா கேட்டாள்.

"பத்திரமா இருக்கும்மா."

பல வருடம் கழித்து, வேறொரு ஊரில் வாக்குச்சாவடிக்கு மேசை நாற்காலி தூக்கும் வேலைக்குப் போனபோது, அங்கிருந்த ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்: கோர்ட் கேட்டாலொழிய அப்படிப்பட்ட உறையை யாரும் பிரித்து எண்ணுவதில்லை.

அம்மா கேட்டது ஒன்று, வாத்தியார் சொன்னது வேறொன்று என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. அவள் மறுபடி கேட்காமல் படியிறங்கியதை மட்டும் பார்த்தேன். திருப்தியில் இறங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.