பக்கத்து விரிப்பின் விசில்

அயோவா மாநிலத்தில் கோல்டர் என்றொரு ஊர். மனிதர்களைவிட அங்கே பன்றிகள் அதிகம், பன்றிகளைவிட மல்யுத்தம் பேசுகிறவர்கள் அதிகம். லானி குபிசெக் பள்ளிக் கடைசி வருடத்தில் மாநிலப் பட்டத்தை வென்றதும் ஊர்க்காரர்கள் நெடுஞ்சாலையோரம் ஒரு பலகையை நட்டுவிட்டார்கள்: ‘மாநிலச் சாம்பியன் லானி குபிசெக்கின் ஊர் உங்களை வரவேற்கிறது’. மீசை சரியாக முளைக்காத பயலுக்குப் பலகை வைத்தால் என்ன ஆகும்? தலைக்கனம் ஏறியது. மளிகைக் கடை வரிசையில் பால் வாங்க நிற்கும்போதுகூட மார்பை நிமிர்த்திக்கொண்டு, யாராவது படம் எடுக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி நின்றான்.

பள்ளி முடித்துச் சேர்ந்த ஆஷ்பி கல்லூரியின் பயிற்சிக்கூடத்தில் முதல் நாள் காலையிலேயே அந்தக் கனம் இறங்கிவிட்டது. அங்கே வந்திருந்த ஒவ்வொரு தடியனின் ஊரிலும் அப்படியொரு பலகை இருந்தது. ஒஹையோவிலிருந்து வந்த டெஸ்மண்ட் ப்ரூயிட் என்பவன் லானியை மூன்று முறை தூக்கிப் போட்டான். மூன்று முறையும் மண்ணைக் கவ்வினான் நமது மாநிலச் சாம்பியன். அன்று மாலை விடுதி அறைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், எதிர்க் கட்டிலில் அதே டெஸ்மண்ட் காலை நீட்டி உட்கார்ந்து தானியப் பொரியைக் கொறித்துக்கொண்டிருக்கிறான்.

“வாடா கோல்டர்” என்றான் டெஸ்மண்ட். “முதுகு எப்படி இருக்கு?”

“உனக்கெதுக்குடா என் முதுகு?”

“நாளைக்கும் அதைத்தானே பாக்கப் போறேன்.”

இப்படித்தான் இருவரும் நண்பர்களானார்கள்.

முதல் வருடம் இருவருக்குமே சிவப்புச் சட்டை. அதாவது, பயிற்சியில் எவ்வளவு வேண்டுமானாலும் உதை வாங்கலாம், கல்லூரிக்காக மட்டும் மோதக் கூடாது. லானியின் அம்மா ஆர்லிஸ் அதை ஏதோ பெரிய பதவி என்று நினைத்துக்கொண்டாள். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஏறும் பிள்ளைகள், இறங்கும் பிள்ளைகள், வாசலில் நிற்கும் பெற்றோர் என ஒருவரையும் விடவில்லை. “எங்க லானிக்குச் சிவப்புச் சட்டை குடுத்திருக்காங்க, எடுத்த எடுப்புலயே!” என்று ஹாரன் சத்தத்தையும் மீறிச் சொன்னாள். லானி திருத்தவில்லை. பலகைக்குக் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சட்டும் என்று விட்டுவிட்டான்.

சிக்கல் இரண்டாம் வருடத்தில் வந்தது. ஒரு எடைப்பிரிவுக்கு ஒருவன்தான் கல்லூரி அணியில் இறங்க முடியும். இருவருமே நூற்று நாற்பத்தொரு பவுண்டுக்காரர்கள். எடையைக் குறைக்க இரண்டு பேரும் சேர்ந்தே பட்டினி கிடந்தார்கள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டை மாட்டிக்கொண்டு சேர்ந்தே ஓடினார்கள், உடம்பில் மிச்சமிருக்கிற ஈரமும் போகட்டும் என்று ஆளுக்கொரு காலிப் பாட்டிலில் சேர்ந்தே துப்பினார்கள். வயிறு காயும்போது தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி பார்ப்பது மல்யுத்தக்காரர்களுக்கென்றே வாய்த்த வியாதி.

“வெண்ணெயை எப்படிப் போடுறா பாரு, பாதகத்தி” என்பான் டெஸ்மண்ட்.

“இன்னும் போடச் சொல்லுடா” என்பான் லானி, பாட்டிலில் துப்பிவிட்டு.

பயிற்சியாளர் ஹேவர்காம்ப் கழுத்தே இல்லாத மனிதர். தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். டிசம்பர் தொடக்கத்தில் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“டேய், ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? சனிக்கிழமை திறந்த போட்டி, யாரு வேணா பேர் குடுக்கலாம். யாரு முன்னால வர்றானோ அவன் ஜனவரியிலேர்ந்து இறங்குவான். இன்னொருத்தன் பயிற்சிக்கு உடம்பைக் குடுக்கணும், தண்ணி பாட்டில் தூக்கணும். புரிஞ்சுதா?”

“எத்தனை நாளைக்கு, கோச்?” என்றான் லானி.

“இவன் படிப்பு முடிச்சிட்டுப் போற வரைக்கும்” என்று டெஸ்மண்டைக் காட்டினார்.

இவன் படிப்பு முடிக்கும்போதுதான் லானியும் முடிப்பான். ஆக, சனிக்கிழமை தோற்றால் லானி குபிசெக்கின் கல்லூரி வாழ்க்கை பாட்டில் தூக்கியே கழியும். டெஸ்மண்டுக்கும் அதே கதிதான். ஆனால் டெஸ்மண்ட் அதைப் பற்றி ஒருநாளும் புலம்பவில்லை. பயிற்சியில் பத்துக்கு எட்டு முறை ஜெயிக்கிறவன் ஏன் புலம்பப் போகிறான்?

சனிக்கிழமை. பெரிய கூடம், தரை முழுக்க விரிப்புகள், ஒவ்வொரு விரிப்பிலும் ஒரு சண்டை, ஒரு நடுவர், ஒரு விசில். வியர்வை நாற்றமும் சோளப்பொரி வாசனையும் கலந்து அடித்தன. ஆர்லிஸ் வேனை ஓட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். லானியும் டெஸ்மண்டும் அரையிறுதியில் எதிரெதிராக வந்தார்கள். ஒரே அணிப் பையன்கள் மோதினால் பயிற்சியாளர் எந்த மூலையிலும் உட்கார மாட்டார், அது வழக்கம். ஹேவர்காம்ப் ஹாட் டாக் வாங்கப் போய்விட்டார்.

டெஸ்மண்ட் எந்த அவசரமும் காட்டாமல் அவனைத் துவைத்தான். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் நாலுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தான். லானி குப்புறக் கிடக்கிறான், முதுகின்மேல் டெஸ்மண்ட். ஜெயிப்பதற்கு இனி டெஸ்மண்ட் அப்படியே படுத்துக்கிடந்தாலே போதும்.

“எந்திரிடா லானி! பஸ்ஸு போயிடும்டா!” என்று ஆர்லிஸ் கத்தினாள். பதற்றத்தில் அவள் வாயில் வேறெதுவும் வரவில்லை.

அப்போது விசில் அடித்தது.

பக்கத்து விரிப்பின் விசில் அது. பக்கத்து விசிலை நம்பிப் பிடியை விட்டு மானம் போன கதை ஒன்று ஒவ்வொரு மல்யுத்தக்காரனிடமும் இருக்கும். உன் நடுவர் உன்னைத் தொடுகிற வரைக்கும் விடாதே என்று பால்குடிப் பருவத்திலிருந்து சொல்லித்தான் வளர்க்கிறார்கள். இருந்தும் களைத்த உடம்பு விசில் கேட்டால் விட்டுவிடும். டெஸ்மண்ட் விட்டான். விட்டதோடு நின்றிருந்தாலும் தேவலை. எழுந்து நின்று, கீழே கிடந்தவனைத் தூக்கிவிடக் கையையும் நீட்டினான்.

லானிக்கும் விசில் கேட்டது. அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்தது. தங்கள் நடுவர் கையை அசைத்து ‘நடக்கட்டும்’ என்பதையும் பார்த்தான். நீட்டிய கையையும் பார்த்தான். பிறகு அந்தக் கையைப் பிடித்தான். பிடித்து, சர்ரென்று தன் பக்கம் இழுத்து, நிலைகுலைந்தவனின் பின்னால் சுற்றிப் போய் மல்லாக்கச் சாய்த்தான். டெஸ்மண்டின் இரண்டு தோள்களும் விரிப்பில் பதிந்தன. தோள் பதிந்துவிட்டால் புள்ளிக் கணக்கு செல்லாது, பதித்தவனுக்கே வெற்றி. நடுவர் தரையில் ஓங்கி அறைந்தார். ஆட்டம் முடிந்தது.

டெஸ்மண்ட் கூரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கிடந்தான். அவனை யாரும் தூக்கிவிடவில்லை. தானாக எழுந்து, முறைப்படி கைகொடுத்துவிட்டுப் போனான்.

ஹேவர்காம்ப் கடுகுச் சாறு வழியும் வாயோடு ஓடிவந்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டு, “சட்டப்படி சரிதான். தொடுற வரைக்கும் விடக் கூடாது. ஜனவரில நீ இறங்குற” என்றார். பிறகு லானியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மிச்ச ஹாட் டாக்கைக் குப்பையில் போட்டார்.

ஆர்லிஸ் மகனைக் கட்டிக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் ஏதோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். “அவனுக்கு எங்கங்க விசில் கேட்டிருக்கப் போவுது? காதுல அவ்வளவு பெரிய கவசம் மாட்டியிருக்கான்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். லானி அதையும் திருத்தவில்லை.

திரும்பும் வழியில் அணி மொத்தமும் பீட்சாக் கடையில் இறங்கியது. எடை பார்க்கும் வேலை முடிந்துவிட்டதால் ஆளாளுக்கு வெறிபிடித்தாற்போலத் தின்றார்கள். லானிக்கு மட்டும் இறங்கவில்லை. எதிரே டெஸ்மண்ட் வந்து தட்டோடு உட்கார்ந்தான்.

“உங்கம்மா உனக்குக் காது கேக்கலைங்கிறாங்க.”

லானி ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும்.

“கேட்டுச்சுடா” என்றான்.

டெஸ்மண்ட் மென்றதை விழுங்கினான். “‘நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்’னு சொல்லி உன்னைத் தேத்தலாம்னுதான் வந்தேன். உக்காந்தப்புறம் யோசிச்சுப் பாத்தா, பண்ணியிருக்க மாட்டேன்.”

“கோச்கிட்ட சொல்லி இன்னொரு தடவை மோதலாமா?”

“என்னன்னு சொல்லுவே? கை குடுத்தான், இழுத்துட்டேன்னா? அவரே சரின்னுட்டாரு. தோத்துட்டு, கெஞ்சி வாங்குன எடத்துல நான் நிக்க மாட்டேன்டா. நீ போய் ஜெயி. எடுத்துக்கிட்டேல்ல, தோத்துட்டு மட்டும் வந்து நிக்காதே.” சொல்லிவிட்டு லானியின் தட்டிலிருந்த துண்டையும் எடுத்துக்கொண்டான். “இது வேணாம்தானே?”

ஜனவரியில் முதல் போட்டி. லானி இறங்கினான். உண்மையிலேயே நன்றாக மோதினான், சுத்தமாக ஜெயித்தான். நடுவர் அவன் கையைத் தூக்கிப் பிடித்தார். ஆர்லிஸின் கூச்சலில் கூரை அதிர்ந்தது. கோல்டரிலிருந்து வண்டி கட்டி வந்த கூட்டம் எழுந்து நின்றது.

லானி தன் அணி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினான். டெஸ்மண்ட் தலை குனிந்தபடி இருப்பான், அல்லது வேறெங்காவது பார்த்துக்கொண்டிருப்பான் என்றுதான் எதிர்பார்த்தான். அவனோ தண்ணீர் பாட்டில்களைக் காலடியில் வைத்துவிட்டு எழுந்து நின்று, மற்றவர்களோடு சேர்ந்து மனசாரக் கைதட்டிக்கொண்டிருந்தான். அதைத்தான் லானியால் தாங்க முடியவில்லை.